‘நாறவில்லை’ என்றாள் அக்கா

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் ரொம்ப நாள் நல்ல பெயர் கிடையாது. லாரி ஓட்டுகிற மாப்பிள்ளை என்றுதான் அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே மனுஷர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் குப்பை கிளறப் போய்விட்டார். செய்தி கேட்ட அன்று அப்பா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மா, அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சிந்தினாள். நான் ஒருத்திதான் சிரித்தேன். எதற்கெடுத்தாலும் சிரிப்பு வருகிற வயசு எனக்கு. அதனாலோ என்னவோ, அந்த வீட்டில் மாமாவோடு முகம் கொடுத்துப் பேசின முதல் ஆள் நான்தான். இன்றைக்கும் அவரை வாய்க்கு வந்தபடி பேசுகிற உரிமை எனக்கு மட்டும் உண்டு.

குப்பை என்றால் காய்கறிச் சந்தையின் குப்பை. முட்டைக்கோஸின் மேல் இலை, அழுகின தக்காளி, நசுங்கின பூசணி. தினமும் காலையில் அதை லாரியில் அள்ளிப் போய் ஊருக்கு வெளியே கொட்டுவதுதான் அவர் வேலையாக இருந்தது. ஒரு மழைக்காலத்தில், கொட்டுகிற இடத்தில் சக்கரம் புதைந்துவிட்டது. இழுக்க ஆள் வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் ஒரு குச்சியால் பழைய குவியல் ஒன்றைக் கிளறியிருக்கிறார். மேலே குப்பை. உள்ளே கன்னங்கரேலென்று உதிரியாக மண். இலை இல்லை, தோல் இல்லை, ஈ இல்லை. ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பார்த்தாராம்.

"அந்த நிமிஷம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு" என்பார் மாமா.

"போச்சு" என்று அடுப்படியிலிருந்து திருத்துவாள் அக்கா.

சந்தைத் தலைவரிடம் நடையாய் நடந்து, சந்தைக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கேட்டு வாங்கினார். தகரக் கூரை போட்டு, தடுப்புச் சுவர் எழுப்பி மூன்று அறை. ஒன்றில் புதுக் குவியல், அடுத்ததில் பாதி மக்கினது, கடைசியில் முடியப்போவது. ஓரத்தில் சருகு மூட்டை, மரத்தூள் மூட்டை, ஒரு தண்ணீர்க் குழாய். வாசலில் இரும்புக் கதவு. அதன் சாவி எப்போதும் மாமாவின் இடுப்பில்தான் இருக்கும். சந்தையில் அந்த இடத்துக்கு உரக் கொட்டகை என்று பெயர் வந்தது, மாமாவுக்கு உரக்காரர் என்று பெயர் வந்தது. எங்கள் அப்பா மட்டும் கடைசி வரைக்கும் ‘டிரைவர் மாப்பிள்ளை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

குவியல் மக்குகிறது என்று மாமா சொல்ல மாட்டார். வேகுது என்பார். பொய்யில்லை, புதுக் குவியலுக்குள் கையை விட்டால் சுட்டுவிடும். வேக வைப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை, பச்சையையும் சருகையும் சரியாகக் கலந்து, தண்ணீர் தெளித்துப் புரட்டிக்கொடுத்தால் தானாக வேகும். எப்போது வெந்து முடிந்தது என்று சொல்வதுதான் விஷயம். அரைவேக்காட்டு உரத்தைச் செடிக்குப் போட்டால், மிச்ச வேக்காட்டை அது வேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளும். வேர் கருகும், இலை மஞ்சளாகும், அப்புறம் செடியைப் பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

இதைக் கண்டுபிடிக்க மாமாவிடம் இரண்டே கருவி. ஒன்று, ஆள் உயர இரும்புக் கம்பி. குவியலின் நடுவில் சொருகிவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். உருவி உள்ளங்கையில் பிடிப்பார். சூடு இருந்தால் இன்னும் வேகிறது. ஆறியிருந்தால் முடிந்திருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். காற்றுப் போகாமல் திணறின குவியலும் நடுவில் ஆறிப்போவது உண்டு. அதனால் ஒரு கைப்பிடி அள்ளி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து மூக்குக்குக் கொண்டுபோவார். அந்த மூக்குதான் இரண்டாவது கருவி. கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு. "இன்னும் ஒரு புரட்டு வேணும்" என்பார், இல்லை "ஏத்தலாம்" என்பார். அவர் ஏத்தலாம் என்று சொன்ன மூட்டையை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. நான் உட்பட.

எனக்கும் இதில் பங்கு உண்டு. அதே தெருவின் கோடியில் நான் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி என்று குழித்தட்டில் விதைத்து, கொஞ்சம் தலை நிமிர்ந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றி விற்பேன். தொட்டிக்கு மாமாவின் உரம்தான். 

அக்காவுக்கும் கொட்டகைக்கும் மட்டும் ஒத்துவரவில்லை. வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் அவள். துணியில் அந்த நாற்றம் ஏறினால் யார் தைக்கக் கொடுப்பார்கள் என்பாள். கொட்டகைச் சட்டை பின்வாசல் ஆணியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. இத்தனை வருஷத்தில் அவள் கொட்டகை வாசலை மிதித்ததே இல்லை.

போன கோடையில் மாமா காய்ச்சலில் விழுந்தார். படுத்தவர் எழுந்திருக்க வெகுநாள் ஆயிற்று. சந்தைச் சுமைக்காரர் ஒருவர்தான் பாவம், தன் வேலைக்கு நடுவே சாவியை வாங்கிப் போய்க் கொட்டகையைத் திறந்து குப்பையை உள்ளே தள்ளி மூடிவந்தார். மாமா தேறி எழுந்து உட்கார்ந்த பிறகு ஒரு நாள், அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லி வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தால் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, பாத்திரம் கறுத்து வீடெல்லாம் புகை. மாமா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தீயற வாசனை வரலையா?"

மாமா பேப்பரை மடித்தார். "காய்ச்சல் வந்ததுலேர்ந்தே எந்த வாசனையும் வரல. யார்கிட்டயும் சொல்லிடாத."

டாக்டரிடம் போனார்கள். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர். அக்காவிடம் மட்டும் மாமா மனசைத் திறந்திருக்கிறார். மற்றவர்களுக்கு மூக்கு போனால் சோறு ருசிக்காது, எனக்குத் தொழிலே போச்சு என்றாராம். இது வெளியே தெரிந்தால் நாளைக்கே உரக்காரர் என்று கூப்பிட்டவர்கள் சிரிப்பார்கள். தெரியாமல் மூடிவைத்து ஒரு மூட்டை வேகாததை அனுப்பிவிட்டாலோ, யாருடைய செடியாவது போய்விடும். அப்படி நடக்கிற அன்றைக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் அக்கா எனக்குப் பிற்பாடு சொன்னது.

அக்காவுக்கு அழுகையும் வரவில்லை, ஆறுதல் சொல்லவும் தெரியவில்லை. கடைசியில் அவள் வாயிலிருந்து வந்தது இதுதான். "எனக்கு மூக்கு இருக்கில்ல?"

மறுநாளே ஒரு டப்பாவில் கைப்பிடி உரம் வீட்டுக்கு வந்தது. அக்கா மூடியைத் திறந்தாள், உடனே மூடினாள், டப்பாவோடு அவரைப் பின்வாசலுக்குத் தள்ளினாள். "வீட்டுக்குள்ள இந்த வேலை வேண்டாம். நானே அங்க வர்றேன்." வந்தாள். எப்படி? மூக்கைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு.

"மூக்கைக் கட்டிட்டு எப்படி மோந்து பாப்ப?" என்றாராம் மாமா.

"கொஞ்சம் கொஞ்சமா அவுக்கறேன். அவசரப்படுத்தாதீங்க."

அவளுக்கு உரத்தின் பாஷை தெரியாது. வீட்டுப் பாஷைதான் தெரியும். புதுக் குவியலை மோந்துவிட்டு, "கழுவாத பொதுக் கக்கூஸ்" என்றாள். அப்படியென்றால் பச்சைக் குப்பை அதிகம் என்று மாமாவுக்குப் புரிந்தது, சருகை அள்ளிக் கொட்டினார். நடு அறைக்குப் போய், "துணியை ஊறப்போட்டு மறந்துட்டா வாளியில வருமே, அது" என்றாள். காற்றுப் போகவில்லை என்று புரட்டினார். இப்படி அவள் ஒன்று சொல்ல, அவர் ஒன்று செய்ய, வண்டி ஓட ஆரம்பித்தது.

அப்போதுதான் நான் போய் நின்றேன், உரம் வேண்டும் என்று. பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது, தொட்டிக்கு மாற்ற நாற்றெல்லாம் தயாராக நின்றது. மாமா காய்ச்சலுக்கு முன்னாலேயே கடைசி அறையை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். நான் கேட்டுவிட்டுத் திரும்பின பிறகு கம்பியைச் சொருகி எடுத்திருக்கிறார், சில்லென்று இருந்தது. குவியல் காய்ந்திருந்தது. சலிக்கிறதுக்கு முன்னால் எப்படியும் காயப் போடுவதுதானே, அதனால் அது அவருக்குச் சந்தேகமாகப் படவில்லை. கைப்பிடி அள்ளி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து அக்காவிடம் நீட்டியிருக்கிறார்.

"நாறுதா?"

"நாறல."

"நல்லாப் பாரு. துளிகூட நாறலையா?"

"ஒரு நாத்தமும் இல்லைங்க."

"அப்போ ஏத்தலாம்" என்றார் மாமா, நிம்மதியாக.

மூட்டைகள் எனக்கு வந்தன. மண்ணோடு கலந்தேன், தொட்டிகளை நிரப்பினேன், நாற்றையெல்லாம் மாற்றி நட்டுத் தண்ணீர் விட்டேன். இரண்டு நாள் ஜோராக நின்றன. அப்புறம் ஓரத்து இலைகள் வெளுத்தன. வெயில் என்று நினைத்து நிழல் வலை கட்டினேன். கட்டினது வீண், வரிசை வரிசையாகத் தலை சாய்ந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனி பழுப்பாகச் சுருண்டிருக்கிறது. மிச்ச மூட்டைகள் குழாயடியில் நனைந்து கிடந்தன. ஒன்றைப் பிரித்துக் கையை விட்டேன். சுட்டது. கூடவே ஒரு நாற்றம் கிளம்பிக் கண்ணைக் கரித்தது.

எனக்குக் கோபம் வந்தால் வழியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க மாட்டேன். வாடின செடியோடு ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கப் பேசிக்கொண்டே நடந்து கொட்டகைக்குள் நுழைந்தேன். மாமா புரட்டிக்கொண்டிருந்தார். அக்காவை அங்கே பார்த்தது ஆச்சரியமாக இருந்தது, ஆனால் ஆச்சரியப்பட எனக்கு நேரமில்லை. தொட்டியை அவர் காலடியில் வைத்தேன்.

"என்ன மாமா இது? மோந்து பாக்காமலா அனுப்பினீங்க?"

அவர் குனிந்து, செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். மண்ணை விரலால் நசுக்கினார். பழக்கத்தில் மூக்குக்குக் கொண்டுபோனார், பாதியில் கையை இறக்கிவிட்டார்.

"அவருக்கு மூக்கு போயிடுச்சுடி" என்றாள் அக்கா. "நான்தான் மோந்து பாத்தேன்."

திட்ட வந்தவள் நான். மூட்டை மூட்டையாக வைத்திருந்தேன் திட்டுவதற்கு. ஒரு மூட்டையைக்கூட அவிழ்க்கவில்லை.

மாமா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். "நாளைக்குத் தலைவர்கிட்ட கொடுத்துடறேன். வேற யாராவது பாத்துக்கட்டும். உன் செடிக்கு நான் என்ன பதில் சொல்றது, மச்சினி?" அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு முன்னால் அக்கா பேசினாள். "என்ன கேட்டீங்க என்னை? நாறுதான்னு கேட்டீங்க. நாறல, நாறலைன்னு சொன்னேன். சலவை பண்ணின துணிகூடத்தான் நாறாது. வெந்து முடிஞ்சா வேற ஏதாவது வாசனை வருமா?"

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வரும்" என்றார். "நல்ல வாசனை ஒண்ணு வரும். அது வந்தாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"அதைக் கேட்டீங்களா என்கிட்ட?"

கேட்கவில்லை. இத்தனை வருஷமாக யாருக்கும் அதைச் சொல்லவேண்டிய அவசியம் வந்ததில்லை அவருக்கு. அக்காவுக்கோ, கொட்டகை என்றால் நாற்றம். நாற்றம் இல்லையென்றால் வேலை முடிந்தது. காய்ச்சல் காலத்தில் தண்ணீர் விட ஆளில்லாமல் குவியல் பாதி வேக்காட்டிலேயே காய்ந்து தூங்கிவிட்டது. காய்ந்து கிடந்தது நாறவும் இல்லை, மணக்கவும் இல்லை. என் பண்ணைக்கு வந்து தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டது.

"சரி, அந்த நல்ல வாசனை எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

மாமா யோசித்தார். மழை பெய்த மண் மாதிரி என்றார், உடனே அது இல்லை என்றார். காட்டுக்குள்ளே மரத்தடியில் என்றார். நீங்க எந்தக் காட்டுக்குப் போனீங்க என்றாள் அக்கா. கடைசியில் கையை விரித்தார்.

மாதிரிக்குக் காட்ட, காய்ச்சலுக்கு முன்னால் வெந்து முடிந்த உரம் எங்கேயும் ஒரு பிடி இல்லை. நானே எல்லாவற்றையும் போட்டுத் தீர்த்திருந்தேன். அக்கா அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். "இந்தக் குவியல் முடியட்டும். முடிஞ்சதை என்னால சொல்ல முடியலைன்னா நானே வந்து தலைவர்கிட்ட கொடுக்கறேன்."

அப்படி ஒரு பேச்சு முடிவாயிற்று. மிச்ச மூட்டைகளை நான் திருப்பிக் கொண்டுவந்து கடைசி அறையில் கொட்டினேன். பிழைக்கிற நாற்றுகளை வேர் அலசி வெறும் மணலில் நட்டேன், பாதிக்குப் பாதி தேறின. ஆர்டர் கொடுத்தவர்களிடம் தவணை கேட்டுக் கெஞ்சி, புதிதாக விதையும் போட்டேன். மாமா கடைசி அறைக்குத் தண்ணீர் விட்டுப் புரட்டினார். அடுத்த நாள் கம்பியை உருவினவர் அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். அவ்வளவு சூடு. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம், எதற்கென்று தெரியாமலே.

தினமும் காலையில் மெஷினில் உட்காருவதற்கு முன்னால் அக்கா கொட்டகைக்குப் போனாள். துணியை மூக்கில் கட்டுவதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. மூக்கை மட்டும் நம்பவேண்டாம் என்று ஈர உரத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிப் பார்ப்பது என் யோசனை. வேகாததென்றால் உள்ளே ஆவி சேர்ந்து பை உப்பும். அந்தப் பையை வைக்க அக்கா இடம் கொடுத்தது எங்கே தெரியுமா, அடுப்படி அலமாரியில். முதல் பை பந்து மாதிரி உப்பியது. அவிழ்த்தபோது வீட்டில் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். அடுத்த பை கொஞ்சம்தான் உப்பியது. அதற்கடுத்தது தொய்ந்தபடியே கிடந்தது. அந்த உரத்தில் கீரை விதையைத் தூவிப் பார்த்தோம், பழுதில்லாமல் முளைத்தது.

"பை சொல்லிடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்டேன்.

"இந்த ஒரு குவியலுக்குப் பை போதும்" என்றார் மாமா. "காலையில எழுந்து மூணு அறைக்கும் என்ன குறைன்னு பையா சொல்லும்? அவ சொல்லணும். அவளுக்கு அந்த வாசனை பிடிபடலைன்னா நான் இந்த வேலையில இருக்கறதுல அர்த்தம் இல்லை." சொல்லிவிட்டு அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பரீட்சை அவளுக்கு, வியர்வை அவருக்கு.

கம்பி ஆறியிருந்தது. குவியல் ஈரமாகவே இருந்தது. அக்காவே கையை விட்டு ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்தாள். கறுப்பாக, விரல் நடுவே உதிர்ந்தது. மோந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி மோந்தாள். அப்புறம் மாமாவைப் பார்த்தாள், அந்தப் பிடியைப் பார்த்தாள்.

"என்ன? நாறுதா?" என்றார் மாமா. பழைய கேள்விதான் வாயில் வந்தது அவருக்கு.

"நாறல."

"வேற ஒண்ணும் தெரியலையா?"

"இருங்க." மூன்றாவது தடவை நிதானமாக இழுத்தாள். "இந்த வாசனை எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ வெந்து முடிஞ்சதை மோந்ததே இல்லையே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், தங்கச்சி நிற்கிறாளே என்று கொஞ்சம் தயங்கினாள். நான் நகர்வதாக இல்லை. "நீங்க எவ்வளவுதான் சோப்பு போட்டுக் குளிச்சாலும் காதுக்குப் பின்னால இது இருக்கும்" என்றாள். "நான் அது உங்க உடம்பு வாசனைன்னு நினைச்சிட்டிருந்தேன். இத்தனை வருஷமா."

மாமா கையிலிருந்த கம்பியைச் சுவரில் சாய்த்துவைத்தார், அது சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை.

"இப்பவும் வருதா?" என்று கேட்டார்.

அக்கா பக்கத்தில் போய், அவர் தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் மோந்து பார்த்தாள். நான் அவசரமாகத் தகரக் கூரையைப் பார்த்தேன்.

"வருது" என்றாள். அப்படியே சாவியை எடுத்து அவர் இடுப்பில் சொருகினாள்.

"அப்போ ஏத்தலாம்" என்றார் மாமா. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வாயைப் பிளந்துட்டு நிக்காத மச்சினி. மூட்டையைப் பிடி."